ஆர்ம் காதில் விழும் அடி

ஸ்டீயரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் டைராட் எண்டைக் கழற்றுகிறவர்களுக்குள் பல கட்சி உண்டு. நட்டின் தலையிலேயே தட்டுகிற கட்சி, ரப்பர் பூட்டுக்கும் ஆர்முக்கும் நடுவே கவையைச் செருகிச் சம்மட்டி போடுகிற கட்சி, புல்லரை மாட்டி முறுக்கிவிட்டுக் காத்திருக்கிற கட்சி, எடுத்த எடுப்பில் கேஸ் பற்றவைக்கிற கட்சி. நான் காதுக் கட்சி. எண்டின் ஸ்டட் உட்காரும் ஸ்டீயரிங் ஆர்மின் காதில், பக்கவாட்டில், எதிர்ப்புறம் கனமான இரும்பை அணைத்துக்கொண்டு போடும் அந்த ஓர் அடிக்கு நிகரான அழகு வண்டி வேலையில் வேறெதிலும் இல்லை என்பது என் தீர்மானம். ஒரு இன்ஜினைப் பூட்டி முதல் சாவி திருப்பலில் கிளப்புவதைப் பெரிதாகச் சொல்வார்கள். சொல்லட்டும். பூட்டும்போது எல்லாமே புதிதாக, எண்ணெயோடு, அளவோடு கைக்கு வருகிறது. கழற்றும்போது பத்து வருட மண்ணும் துருவும், முன்னால் யாரோ முரட்டுத்தனமாக இறுக்கியதும் சேர்ந்து எதிரே நிற்கின்றன. அவ்வளவையும் தாண்டி இரண்டு இரும்பையும் காயப்படுத்தாமல் பிரிக்கிறவன்தான் என் கண்ணில் பெரிய தொழிலாளி.

இதை ரசிக்க நான் கற்றுக்கொண்டது அதியமான்கோட்டையில், சேலம் ரோட்டோரத்துப் பட்டறை ஒன்றில். பெயர்ப்பலகை கிடையாது. வேப்பமரம், தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை. பட்டறைக்காரரை மேஸ்திரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இப்போது என்ஹெச் 44 என்கிறோமே, அதை ஏழாம் நம்பர் ரோடு என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். வடக்கேயிருந்து சரக்கோடு வரும் லாரிகள் தொப்பூர் கணவாயில் இறங்குவதற்கு முன்னால் அங்கே ஒதுங்கி, முன் சக்கரத்தை ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டு போகும். லாரி வேலை இல்லாத பொழுதில் அம்பாசிடரும் ஜீப்பும் வரும். என் வீட்டு வாசலில் நானே வண்டி பார்க்க ஆரம்பித்த நாட்களில், எனக்குப் பாடம் சொல்லித் தர யாரும் வேண்டாம், அவர் வேலை செய்வதை எட்ட நின்று பார்த்தாலே போதும் என்றிருந்தது.

அவர் முறையைச் சொல்கிறேன். முதலில் கம்பி பிரஷ். மரையில் ஒட்டிய மண் போகும்வரை ஸ்பேனரைத் தொடவே மாட்டார். காட்டர் பின்னின் கால்களை நிமிர்த்தி, நேராக்கி, வந்த வழியே இழுப்பார்; துருப்பிடித்து உடைந்து உள்ளே நின்றுவிட்டால் அதே அளவு ஆணியால் மெல்லத் தட்டி வெளியே தள்ளுவார். பிறகு நட்டை இளக்குவார், ஆனால் முழுக்க எடுக்க மாட்டார். நட்டின் முகமும் ஸ்டட்டின் நுனியும் சமமாக வரும் இடத்தில் நிறுத்திவிடுவார். மரைக்கும் அதுவே காவல், எண்டு சட்டென்று விட்டு இறங்கினால் தாங்கிக்கொள்ளவும் அதுவே.

அதற்கப்புறம் வருவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். சிறிய சுத்தியலை எடுத்துக் காதைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் லேசாகத் தட்டிக் கேட்பார். ஸ்டட்டின் கூம்பான டேப்பர் பிடித்திருக்கும்வரை ஆர்மும் ஸ்டட்டும் ஒரே இரும்பாகப் பேசும். கணீரென்று நீண்ட ஓசை வரும். ஜோலார்பேட்டை ஜங்ஷனில் ரயில் நின்றதும் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு ஒருவர் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் கேட்டலின் அருமை தெரியும். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும், விரிசல் விட்டது செத்த ஓசை கொடுக்கும். பிடி விட்டதற்கு அடையாளமாக மேஸ்திரி கடைசியில் தேடியது அந்தச் செத்த ஓசையை. எங்கே தட்டினால் ஓசை மிக நீளமாக வருகிறதோ அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவி அடையாளம் வைத்துக்கொள்வார்.

நாலு பவுண்டு சம்மட்டி இடது கையில், காதின் மறுபுறத்தில் முழு முகமும் படிய அணைத்தபடி. ரெண்டு பவுண்டு சுத்தியல் வலது கையில். ஓங்கல் பெரிதாக இருக்காது. ஆனால் அடி விழும் வேகத்தில் ஒரு சுருக்கு உண்டு. அடித்த கையை அங்கேயே அழுத்தி வைத்திருக்கிற பையன்களைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "அடிச்ச சுத்தியல அப்பவே எடுத்துரு தம்பி. இரும்பு திரும்பி வர எடம் குடுக்கணுமில்ல?" என்பார். ஒரு அடி, இரண்டு அடி. கணீர், கணீர். மூன்றாவதில் ஓசை உடைந்து 'டொப்' என்று மொட்டையாக வரும். குனிந்து பார்க்கக்கூட மாட்டார். சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டுப் புது எண்டுக்குக் கையை நீட்டுவார். காதில் வெட்டு இல்லை, மரையில் நசுங்கல் இல்லை, பூட் கிழியவில்லை. சில சமயம் கழற்றிய எண்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு, திரும்பிப் போடலாம்" என்று உரிமையாளரிடம் கொடுத்ததும் உண்டு. திரும்பப் போடக்கூடிய நிலையில் ஒரு பொருளைக் கழற்றித் தருவதைவிட ஒரு மெக்கானிக்குக்கு வேறென்ன நற்சான்றிதழ் வேண்டும்?

அந்த அடி ஏன் வேலை செய்கிறது என்பதில் சிலருக்கு இன்னும் சந்தேகம். 1க்கு 8 சரிவுள்ள டேப்பர், நட்டு இழுத்த இழுப்பில், ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர்களைப் போல உட்கார்ந்திருக்கிறது. அதை நேராக இழுப்பது வீண். காதைப் பக்கத்திலிருந்து அடித்தால் வட்டத் துளை ஒரு கணம் நீள்வட்டமாகி மறுபடி வட்டமாகிறது. அந்தக் கணத்தில் பிடிமானம் அறுகிறது. எதிர்ப்புறம் அணைப்பு இல்லாவிட்டால் ஆர்ம் முழுவதுமே துள்ளி, அடியின் பலம் ராக்குக்கும் புஷ்ஷுக்கும் போய்ச் சேரும். அணைத்த இரும்பு அடிக்கிற இரும்பைவிடக் கனமாக இருக்க வேண்டும் என்று மேஸ்திரி வைத்திருந்த விதிக்கு இதுதான் காரணம். சுத்தியலின் முகமும் சம்மட்டியின் முகமும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளக் கூடாது. கெட்டிப்படுத்திய இரும்பிலிருந்து சில்லு தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடி போடாமல் இந்த அடியைப் போடாதீர்கள்.

கவைக் கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எண்டு தேய்ந்து போய்விட்டது, குப்பைக்குத்தான் போகப்போகிறது, பூட் கிழிந்தால் என்ன என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் கை பழக்கத்துக்கு அடிமை. குப்பைக்குப் போகிற எண்டில் கவையைப் போட்டுப் பழகிய கை, கியர்பாக்ஸ் இறக்குவதற்காக மட்டும் கழற்ற வேண்டிய நல்ல பால் ஜாயிண்டிலும் அதையேதான் தேடும். பூட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல் போதும், கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போய் ஒரு மழைக்காலத்துக்குள் ஜாயிண்ட் கடகடக்கத் தொடங்கும். அன்று மாட்டிய மெக்கானிக்கை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பார்ட்டைத்தான் திட்டுவார்கள்.

புல்லர்க்காரர்களை நான் மதிக்கிறேன். வீட்டில் தனியாக வேலை செய்கிறவருக்கு, சக்கர வளைவுக்குள் சுத்தியல் ஓங்க இடமில்லாத சின்னக் கார்களுக்கு, புல்லர் நல்ல துணை. ஆனால் புல்லரை மட்டும் நம்பி அதன் திருகு வளையும்வரை இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி தூரம் புல்லரும் மீதித் தூரம் சுத்தியலுமாக நடப்பதே உத்தமம். புல்லரைக் கெட்டியாக இறுக்கி, இழுப்பு நிலையில் வைத்துவிட்டு, காதில் ஒரு தட்டு. துப்பாக்கி வெடித்ததுபோல் ஓசை வரும், எண்டு விட்டுவிடும். அந்த ஓசைக்குப் பழகாதவர்கள் முதல்முறை பின்வாங்குவார்கள்.

கேஸ் கட்சியை மட்டும் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஸ்டீயரிங் ஆர்ம் அடித்து உருவாக்கி, சூடேற்றிக் குளிர வைத்து, பதம் ஏற்றிய இரும்பு. அதைச் சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். போனது கண்ணுக்குத் தெரியாது. ஜாயிண்டுக்குள் அடைபட்ட கிரீஸ் சூட்டில் பொங்கி வெடிக்கவும் கூடும். தொப்பூர் கணவாயில் இரட்டைப் பாலத்துப் பக்கம் நடந்த விபத்துகளின் செய்தியைப் படித்து வளர்ந்த ஊர்க்காரனாகச் சொல்கிறேன், அந்த இறக்கத்தில் முழுப் பாரத்தோடு போகிறவன் ஸ்டீயரிங்கில் இருக்கிற ஒவ்வொரு இரும்பையும் நம்பித்தான் போகிறான். அந்த நம்பிக்கைக்குப் பதம் போன ஆர்மைக் கொடுப்பது தொழில் தர்மம் ஆகாது.

சூடே ஆகாது என்று சொல்லவில்லை. சேசிஸ் போல்ட், புகைக்குழாய் நட்டு போன்றவற்றில் சூடு ஒரு கலை. 20 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டு 300 டிகிரி சூடேறினால் அதன் துளை ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் விரியும். தலைமுடியின் தடிமன்தான், ஆனால் துருவுக்கு அது போதும். நட்டை மட்டும் சூடாக்க வேண்டும், போல்ட்டை ஆக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து விரிந்தால் பயன் என்ன? சூடு ஆறி வரும் நேரத்தில் மெழுகுவர்த்தியை மரையோரம் தொட்டால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். மேஸ்திரியின் அலமாரியில் பிள்ளையாருக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்திக் கட்டு எப்போதும் இருக்கும். அது பூஜைக்கென்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் பலர்.

துருவைப் பற்றிப் பேசாமல் இந்த வேலையைப் பற்றிப் பேச முடியாது. இரும்பு துருவானால் அதன் கன அளவு பல மடங்கு பெருகும். மரைகளுக்கு நடுவில் இருந்த காலி இடத்தைத் துரு நிரப்பி, இன்னும் இடம் கேட்டு நெருக்கும்போதுதான் நட்டு ஸ்தம்பித்துப் போகிறது. தருமபுரிப் பக்கத்து வண்டி என்றால் எனக்குக் கொஞ்சம் தெம்பு. காற்றில் ஈரம் குறைவு, உப்பு இல்லை. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஓடிய பழைய கார் ஒன்றை யாராவது வாங்கி இங்கே கொண்டுவந்தால் கீழே படுத்துப் பார்த்ததுமே தெரிந்துவிடும். போல்ட் தலையின் ஆறு முனையும் கரைந்து உருண்டையாக இருக்கும். ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, ரோட்டோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போன பிறகு அந்தத் தெம்பும் குறைந்துவிட்டது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் இன்ஜினுக்கும் சீட்டுக்கும் செலவழிக்கிறவர்கள், அடியில் டைராட் லாக் நட்டை ஒருமுறை இளக்கி, துடைத்து, கிரீஸ் தொட்டு இறுக்கிவைக்க மறந்துபோகிறார்கள். அடுத்த தடவை அலைன்மெண்ட் செய்யப் போகும்போது அந்த நட்டு பதில் சொல்லும்.

இறுகிய நட்டுக்கு முதல் மருந்து பொறுமை. முதல் நாள் சாயங்காலம் மண்ணெண்ணெயோ டீசலோ விட்டுத் துணி சுற்றிவைத்தால் மறுநாள் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும். ஸ்பிரே டப்பாவை அடித்த கையோடு ஸ்பேனரை மாட்டுகிற அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை. டபிள்யூடி-40 1953இல் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த கலவை, நாற்பதாவது முயற்சியில் அமைந்ததால் அந்தப் பெயர். ஈரத்தை விரட்டுவதில் அது கெட்டிக்காரன்தான். பத்து வருடத் துருவுக்குள் புகும் வேலையை நிமிடக் கணக்கில் செய்யச் சொல்வது அதற்கும் அநியாயம். எண்ணெய் விட்டபின் தட்ட வேண்டும். லேசான, நிறையத் தட்டு. ஒவ்வொரு தட்டிலும் துரு மாவாகி எண்ணெய்க்கு வழி விடுகிறது.

பிறகு இறுக்கு. ஆம், அவிழ்ப்பதற்கு முன்னால் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு. பலர் நம்ப மறுக்கும் இந்த முறையை மேஸ்திரி விளக்கியதே இல்லை, செய்துகாட்டுவார். நகராத நட்டை இறுக்கும் பக்கம் ஒரு முறுக்கு, அவிழ்க்கும் பக்கம் ஒரு முறுக்கு, மறுபடி இறுக்கும் பக்கம். கால் சுற்று வந்ததும் உற்சாகத்தில் ஒரே இழுப்பாக இழுக்கிறவன் போல்ட்டை முறிப்பான். கால் சுற்று வந்தால் எட்டில் ஒன்று திரும்பிப் போ, எண்ணெய் விடு, மறுபடி வா. துரு மாவை மரை வெளியே தள்ள நேரம் வேண்டும். ஸ்பேனரில் பைப் போட்டு நீளம் கூட்டுவது தப்பில்லை, ஆனால் பைப் போட்ட கைக்கு இரும்பின் பேச்சு கேட்காது. நட்டு இளகும்போது கையில் ஒரு வகை நெகிழ்வு வரும், போல்ட் முறுக்கேறி நீளும்போது வேறொரு வகை நெகிழ்வு வரும். முதலாவதில் கிறீச்சென்று ஒரு ஓசை கூடவே வரும். இரண்டாவது ஓசையில்லாமல் இனிமையாக வரும், அதுதான் ஆபத்து. அந்த இனிமை தெரிந்ததும் நிறுத்தத் தெரிய வேண்டும்.

முறிந்தே போனால்? ஈஸி-அவுட் என்று சின்னத் திருகு ஒன்றை வைத்துக்கொண்டு முயல்கிறார்கள். முறிந்த போல்ட்டின் உள்ளே அதுவும் முறிந்தால் துளைபோட முடியாத கெட்டி இரும்பு உள்ளே உட்கார்ந்துகொள்ளும். முறிந்த நுனியின் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கம் வெல்டிங் வைத்துவிடுவது எவ்வளவோ மேல். வெல்டிங்கின் சூடு துருவை உடைக்கிறது, பிடிக்க ஒரு புதுத் தலையும் கிடைக்கிறது. ஆறியதும் கைக்குச் சாதாரணமாக வரும். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

ஸ்பேனர் விஷயத்திலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. இறுகிய நட்டுக்கு ஆறு முனை பாக்ஸ்தான். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் எந்தக் கோணத்திலும் மாட்டலாம் என்ற வசதிக்காகச் செய்தது. நட்டின் மூலையைப் பிடிக்கும், ஆறு முனையோ பக்கத்தை அணைக்கும். மூலை கரைந்த நட்டில் இந்த வித்தியாசம்தான் வேலையா வினையா என்று தீர்மானிக்கிறது. அம்பாசிடருக்கும் பழைய ஜீப்புக்கும் இஞ்ச் ஸ்பேனர். மாருதிக்கு 10, 12, 14, 17. அம்பாசிடரின் 1/2 இஞ்சுக்கு 13 எம்எம் போதுமென்று மாட்டுகிறவர்கள் உண்டு, ஓரளவு பொருந்தவும் செய்யும். அந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளி, நட்டு இளக மறுக்கிற அன்றைக்குத்தான் தன்னைக் காட்டும்.

மேஸ்திரியின் ஸ்பேனர்கள் பார்க்க அழகாக இருக்காது. வாய் தேய்ந்தவை, வெல்டிங்கில் கழுத்து வளைத்தவை, ஒரு குறிப்பிட்ட லாரியின் ஒரே ஒரு நட்டுக்காக மெலிதாகத் தேய்க்கப்பட்டவை. புறநானூற்று 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துச் சொன்னதை எங்கள் ஊர்க்காரர்கள் அவ்வளவு லேசாக மறப்பதில்லை. நெய் பூசி, பீலி சூட்டி, மெருகு குலையாமல் ஆயுதங்கள் இங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன; அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன என்ற கருத்து. வள்ளல் அதியமான் கோட்டம் இருக்கிற ஊரில், ஒரு பட்டறையின் தேய்ந்த கருவிகளைப் பார்க்கும்போது அந்தக் கொல்லன் நினைவுக்கு வருவது இயல்பு. அவன் பெயர் பாட்டில் இல்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் 4,200 ஆண்டு என்று 2022இல் அறிவித்தார்கள். அத்தனை தலைமுறை கொல்லர்களின் பெயரும் நமக்குத் தெரியாது, கை மட்டும் தொடர்ந்து வந்திருக்கிறது.

வண்டிக்கு வண்டி ரசனை மாறும். அம்பாசிடரின் எண்டு தாராள மனசுக்காரி, சுத்தியல் வீச இடம் தருவாள். ஜீப்பிலும் லாரியிலும் டைராடின் ஒரு முனை இடது மரை. அதை மறந்துவிட்டு ஆள்மேல் ஆள் ஏறி இறுக்கும் பக்கமே இழுத்துக்கொண்டிருந்த கூட்டத்தை மேஸ்திரி ஒரு விரலைச் சுழற்றிக் காட்டியே கலைத்திருக்கிறார். மாருதி 800, ஆல்டோ போன்ற வண்டிகளின் கீழ் பால் ஜாயிண்டில் டேப்பரே கிடையாது, குறுக்கே ஒரு போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் போல்ட் ஸ்டட்டில் உள்ள பள்ளம் வழியாகப் போகிறது. இளக்கினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். உருவாமல் கம்பியால் நெம்பி நக்கிளையே நாசமாக்கிய வண்டிகள் வரும். உருவியபின் பிளவில் ஒரு தட்டை உளியை லேசாகச் செருகினால் பிடி தளர்ந்து ஸ்டட் நழுவும். இதில் அந்த மணியோசையும் மொட்டை ஓசையும் இல்லை. வேலை சுலபம்தான், ஆனால் எனக்கு இந்த அமைப்பில் அவ்வளவு பற்று வரவில்லை.

நைலாக் நட்டு வந்தபிறகு இன்னொரு தொல்லை. நட்டைச் சுற்றினால் ஸ்டட்டும் கூடவே சுற்றும். எண்டுக்கு அடியில் ஜாக்கி வைத்து மெல்ல ஏற்றி டேப்பரை மறுபடி உட்கார வைத்தால் ஸ்டட் நின்றுவிடும், நட்டு மட்டும் வரும். ஜாக்கி இந்த வேலைக்கு. வண்டியைத் தாங்கி நிற்க ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுகிற எவரோடும் நான் ரசனை பேசத் தயாரில்லை.

இப்போதெல்லாம் டைராட் எண்டு கழற்றும் ஓசையே ரோட்டோரத்தில் கேட்பதில்லை. இம்பாக்ட் கன்னின் இரைச்சல்தான். இளக்க அதைப் பயன்படுத்துவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. அடுத்தடுத்து விழும் குட்டி அடிகள் துருவை உடைப்பது உண்மை. இறுக்கவும் அதையே பயன்படுத்துவதுதான் கேடு. வீல் நட்டை எல்லை தெரியாமல் அடித்து இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்கு வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று பஞ்சரான சக்கரத்தைக் கழற்ற முடியாமல் வெயிலில் தவித்ததைப் பார்த்தேன். அப்பாவும் மகனும் எல் ராடின் மேல் ஏறி நின்றும் நட்டு அசையவில்லை. சில நாள் முன்புதான் ஏதோ ஒரு டயர் கடையில் மாட்டியிருக்கிறார்கள். கையால் இறுக்கியதைக் கையால் அவிழ்க்கலாம் என்பது வழிப்போக்கனுக்கு நாம் தரும் உத்தரவாதம். அந்த உத்தரவாதத்தை மெஷின் பறித்துக்கொண்டது.

பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்குக் கற்றுக்கொள்ள நேரம் தருவதில்லை. எண்டு ஒன்று போனால் ராக்கையே மாற்று, பால் ஜாயிண்ட் போனால் ஆர்மையே மாற்று என்று பில் போடுகிற காலத்தில், காதைத் தட்டி ஓசை கேட்கிறவனுக்குச் சம்பளம் யார் தருவார்? சில வண்டிகளில் கம்பெனியே ஜாயிண்டை ஆர்மோடு சேர்த்துத்தான் விற்கிறது, அங்கே வேறு வழியில்லை. வழி இருக்கிற வண்டியிலும் அதையே செய்வதுதான் மனசைச் சுடுகிறது. ராணே போன்ற நம் சென்னைக் கம்பெனிகள் நல்ல எண்டுகளைத் தனியாகவே செய்து விற்கின்றன. அதை வாங்கிவந்து மாட்டித் தரச் சொன்னால் முகம் சுளிக்கிற பட்டறைகள் பெருகிவிட்டன. பழைய எண்டைக் கழற்றத் தெரியாததை, கழற்றத் தேவையில்லை என்று சொல்லி மறைக்கிறார்கள்.

அதனால்தான் வீட்டு வாசலில் வண்டி பார்க்கிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை. நமக்கு மணிக்கணக்கில் பில் இல்லை. இரவு முழுக்க எண்ணெய் ஊறட்டும் என்று விட்டுவைக்க முடியும். தட்டிக் கேட்க முடியும். நல்ல ரெண்டு பவுண்டு சுத்தியலும் அதைவிடக் கனமான சம்மட்டியும் தருமபுரி பஜாரில் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். எண்டைத் திருகி எடுக்கும்போது லாக் நட்டு இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, சுற்றுகளை எண்ணி, புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். அதோடு நிற்காமல் அலைன்மெண்டும் பார்த்துவிடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் புது எண்டின் நீளம் பழையதோடு நூல் பிசகாமல் ஒத்துப்போவதில்லை. மாட்டும்போது டேப்பரையும் காதின் உட்புறத்தையும் எண்ணெய் இல்லாமல் துடைத்து உலர வையுங்கள். வண்டிக்குச் சொன்ன அளவுக்கு நட்டை இறுக்கியபின் காட்டர் பின் துளை நேராக வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், ஒருபோதும் தளர்த்தி நேராக்காதீர்கள். பின் புதியதாக இருக்கட்டும். கழற்றிய பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போட வேண்டாம்.